எல்லை எச்சரிக்கைக் கருவிக்குள் இருக்கும் பெயர்கள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் இறங்குதளங்களிலிருந்து பாக் நீரிணைக்குள் தொழிலுக்குப் போகும் படகுகளுக்குச் சர்வதேசக் கடல் எல்லைக்கோடு அன்றாடக் கவலை. இந்தியாவும் இலங்கையும் 1974-இலும் 1976-இலும் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி வரையப்பட்ட அந்தக் கோடு கடலில் கண்ணுக்குத் தெரியாது. தாண்டிவிட்டால் படகு பறிபோகும், ஆட்கள் சிறைக்குப் போவார்கள், படகின் உடைமையாளரான சம்மாட்டிக்குக் கடன்தான் மிஞ்சும். அதனால்தான் இந்தக் கரையோரத்துப் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் ‘மீனவருக்கான எல்லை எச்சரிக்கைக் கருவி’ என்பது இறுதியாண்டுப் புராஜெக்ட்டாக வெவ்வேறு தலைப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோ ஒன்று, ஜிபிஎஸ் மாட்யூல் ஒன்று, சிறிய திரை, ஒரு பஸ்ஸர். படகு நிற்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எடுத்து, கோட்டின் புள்ளிகளோடு ஒப்பிட்டு, குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தவுடன் ஒலி எழுப்புவது அதன் வேலை.

அந்தக் கருவியில் மாணவர்கள் தம் கையால் எழுதும் நிரல் பெரும்பாலும் ஓரிரு பக்கங்களுக்குள் அடங்கிவிடும். செயற்கைக்கோளிலிருந்து வரும் தகவலைப் பிரித்துப் படிப்பதும், இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிடுவதும், பலகையின் கால்களை இயக்குவதும் வேறு நாடுகளில் இருப்பவர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவைத்த நிரல்கள். அவற்றைப் பயன்படுத்துவதில் குறை எதுவும் இல்லை. திறந்த மூல மென்பொருள் என்ற ஏற்பாடு இருப்பதே அதற்காகத்தான். எடுத்த கோப்புக்கு வேறு பெயர் வைத்து, அதன் தலைக்குறிப்பில் இருந்த ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் உரிம வரிகளையும் நீக்கிவிட்டு, ‘முழுக்க எங்களால் உருவாக்கப்பட்டது’ என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் அச்சிடும்போதுதான் குறை தொடங்குகிறது. புராஜெக்ட் சென்டர்களில் விலைக்கு வாங்கும் நிரல்களில் இந்த நீக்கும் வேலை பல வேளைகளில் முன்பே முடிந்திருக்கும். மாணவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஒன்றின் பெயரை மாற்றுவதற்கும் அதைச் செய்தவரை மறைப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இருப்பதில்லை. முன்னதற்கு முழு அனுமதி உண்டு. பின்னதற்கு அனுமதி அறவே கிடையாது.

அவர் கையில் இருக்கும் ஆர்டுயினோவே இதற்கு நல்ல பாடம். கொலம்பியாவைச் சேர்ந்த எர்னாண்டோ பாரகான் 2003-இல், இத்தாலியின் இவ்ரேயா நகரில் இருந்த வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில் தம் முதுகலை ஆய்வாக ‘வயரிங்’ என்ற தளத்தை உருவாக்கினார். மின்னணுவியல் படிக்காத கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் மைக்ரோகண்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சில்லைத் தாமே இயக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பலகை, எளிய கட்டளைகள், நிரலை எழுதிப் பலகைக்கு ஏற்றும் மென்பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே வயரிங். அந்த மென்பொருளுங்கூடத் தனியாக முளைத்ததன்று. கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001-இல் தொடங்கிய ‘ப்ராசஸிங்’ என்ற நிரலாக்க மென்பொருளின் மீது கட்டப்பட்டது. பாரகானின் ஆய்வுக்கு ரியாஸும் மாசிமோ பான்சியும் வழிகாட்டிகளாக இருந்தார்கள். 2005-இல் பான்சி, டேவிட் மெல்லிஸ், டேவிட் குவார்ட்டியெல்யெஸ் ஆகியோர், விலை குறைந்த ஏடிமெகா8 சில்லில் வயரிங் இயங்கும்படி செய்து, பிறகு அதன் நிரலை எடுத்துத் தனித் திட்டமாகக் கிளை பிரித்து, அந்த ஊர் மதுக்கூடம் ஒன்றின் பெயரான ஆர்டுயினோவைத் தம் திட்டத்துக்குச் சூட்டினார்கள். மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் ‘பின்மோட்’, ‘டிஜிட்டல்ரைட்’ முதலிய கட்டளைகள் வயரிங்கில் பிறந்தவை.

கிளை பிரிப்பதை உரிமம் அனுமதித்தது. அந்த அளவில் யாருடைய உரிமையும் மீறப்படவில்லை. ஆயினும் தம்மை அழைக்காமலே கிளை பிரிக்கப்பட்டது என்றும், உலகமெங்கும் சொல்லப்படும் ஆர்டுயினோவின் பிறப்புக் கதையில் வயரிங்கின் இடம் சுருங்கிப்போனது என்றும் 2016-இல் பாரகான் தம் தரப்பை விரிவாக எழுதி வெளியிட்டார். அவர் சொல்வது உண்மையா என்று பார்க்க விரும்புகிறவர் எங்கும் போக வேண்டியதில்லை. தம் கணினியில் ஆர்டுயினோ மென்பொருளின் உட்கோப்புகளைத் திறந்தால் போதும். ‘டபிள்யூமேத்’ என்ற கோப்பின் தலைக்குறிப்பில் இது வயரிங் திட்டத்தின் ஒரு பகுதி என்றும், பதிப்புரிமை 2004–06 எர்னாண்டோ பாரகானுடையது என்றும், 13 ஆகஸ்ட் 2006 அன்று ஆர்டுயினோவுக்காக டேவிட் மெல்லிஸ் இதைத் திருத்தினார் என்றும் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கிறது. எந்த மேடையிலும் சொல்லப்படாமல் போனாலும், யார் செய்தார், யார் எந்த நாளில் மாற்றினார் என்பது மூன்று வரிகளில் அங்கே நிற்கிறது. பலகையை இயக்கும் அடிப்படைக் கோப்புகளின் பெயர்கள்கூட இன்றும் ‘வயரிங்’ என்றுதான் தொடங்குகின்றன.

அதே மென்பொருளில் ஒரு பெயர் மாற்றமும் நடந்தது. 2011-இன் இறுதியில் ஆர்டுயினோ 1.0 வெளியானபோது, ஒவ்வொரு நிரல் நூலகத்தின் முதல் வரியிலும் அழைக்கப்பட்டுவந்த ‘டபிள்யூப்ரோகிராம்’ என்ற கோப்பு ‘ஆர்டுயினோ’ என்று பெயர் மாறியது. வயரிங்கைக் குறித்த முதலெழுத்து அதோடு அந்த இடத்திலிருந்து போயிற்று. அந்த மாற்றத்துக்கு நிர்வாகக் காரணம் இருந்திருக்கலாம், ஒரு திட்டம் தன் கோப்புக்குத் தன் பெயரை வைப்பதும் இயல்பே. ஆனாலும் நாள்தோறும் எழுதப்படும் வரியில் இருந்த கடைசி அடையாளம் மறைந்தபின், தலைக்குறிப்புகளைத் திறந்து பார்ப்பவருக்கு மட்டுமே மூலவர் தெரிகிறார். பிறகு 2015-இல் ஆர்டுயினோவைத் தொடங்கியவர்களுக்குள்ளேயே அந்தப் பெயரின் வணிகக்குறி யாருக்கு என்ற வழக்கு எழுந்து, அமெரிக்காவுக்கு வெளியே ஒரு தரப்பு ‘ஜெனுயினோ’ என்ற புதுப்பெயரில் பலகைகளை விற்க நேர்ந்தது. 2016-இல்தான் சமரசம் ஏற்பட்டது. நிரல் எல்லாருக்கும் பொது, பெயர் ஒருவருக்கு மட்டும் என்ற நிலை அந்த வழக்கில் வெளிப்படையாகத் தெரிந்தது.

இப்படி ஏற்பாடு செய்திருப்பது தற்செயலாக நேர்ந்ததன்று. நிரலைப் பகிர்வது பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறது, பெயரும் சின்னமும் வணிகக்குறிச் சட்டத்தின் கீழ் வருகின்றன, திறந்த மூல உரிமங்கள் முன்னதைத்தான் தாராளமாக விட்டுக்கொடுக்கின்றன. 2004-இல் வெளியான அப்பாச்சி 2.0 உரிமம், வணிகக்குறியைப் பயன்படுத்த இதனால் அனுமதி கிடைக்கவில்லை என்று ஒரு பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. லினக்ஸ் இயங்குதளத் திட்டங்களில் ஒன்றான டெபியன் 1997-இல் வகுத்த வழிகாட்டு நெறிகளின் நான்காம் விதி, மாற்றியமைத்த மென்பொருளுக்கு வேறு பெயரோ வேறு பதிப்பெண்ணோ வைக்கும்படி ஆசிரியர் கேட்கலாம் என்கிறது. மறு ஆண்டில் வந்த திறந்த மூல வரையறையிலும் அது அப்படியே இடம்பெற்றது. ஆக, பெயரை மாற்றுவது சில இடங்களில் கடமையாகவே ஆகிறது. நீங்கள் செய்த மாற்றத்தால் பிழை வந்தால் மூல ஆசிரியரின் பெயர் கெடக்கூடாது, அவர் பெயரைச் சொல்லி உங்கள் சரக்கை விற்கவும் கூடாது என்பது அதன் நியாயம். கரையில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும்: தங்கச்சிமடத்துச் சம்மாட்டி விற்ற படகைத் தொண்டிக்காரர் வாங்கினால், வண்ணம் அடித்துத் தம் மகள் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ எழுதிக்கொள்கிறார், மீன்வளத் துறையின் பதிவெண்ணைச் சுரண்டி எடுப்பதில்லை.

பெயர் மாற்றம் எத்தனை விதமாக நேரும் என்பதற்கு ஃபயர்ஃபாக்ஸ் ஒன்றே போதும். 2002-இல் ஃபீனிக்ஸ் என்று வெளிவந்த அந்த உலாவி, அதே பெயரில் வேறொரு நிறுவனம் இருந்ததால் 2003-இல் ஃபயர்பேர்ட் ஆயிற்று. ஃபயர்பேர்ட் என்ற திறந்த மூலத் தரவுத்தளத் திட்டத்தினர் மறுப்புச் சொன்னதால் 2004 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் ஆயிற்று. பணமோ வழக்கறிஞரோ இல்லாத ஒரு சிறு சமூகம் தன் பெயரைக் காத்துக்கொண்டது இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. பின்னர் அதே பெயரை உலாவியை வெளியிடும் மொசில்லா இறுக்கிப் பிடித்தபோது, தாம் செய்யும் திருத்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒப்புதல் கேட்க விரும்பாத டெபியன் குழுவினர் 2006-இல் தம் தொகுப்பில் அதை ஐஸ்வீசல் என்று மாற்றி, 2016 வரை அப்படியே வழங்கினார்கள். உலாவி அதுவே, எழுதியவர்கள் அவர்களே, உள்ளே அவர்கள் பெயர்களும் அப்படியே. எத்தீரியல் என்ற வலைப்பின்னல் ஆய்வுக் கருவியை உருவாக்கிய ஜெரால்டு கோம்ப்ஸ் 2006-இல் வேலை மாறியபோது பெயரின் வணிகக்குறி பழைய நிறுவனத்திடமே தங்கிவிட்டது. நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி அவர் வயர்ஷார்க் என்று பெயரிட்டார். இன்று கணினி வலைப்பின்னல் படிக்கும் மாணவருக்கு வயர்ஷார்க்கைத் தெரியும், எத்தீரியலைத் தெரியாது. நிறுவனத்திடம் பெயர் இருந்தது, உழைத்தவர்களும் பயன்படுத்தியவர்களும் நிரலோடு போய்விட்டார்கள்.

இதைவிடச் சிக்கலானது ஃப்ரீநெட் விவகாரம். தணிக்கைக்கு உட்படாமல் தகவல் பகிர்வதற்காக இயன் கிளார்க் 2000-இல் வெளியிட்ட அந்த மென்பொருளைப் பிற்காலத்தில் தன்னார்வலர்கள் நெடுங்காலம் பராமரித்துவந்தார்கள். 2023-இல் கிளார்க் புதிதாக எழுதிக்கொண்டிருந்த வேறொரு மென்பொருளுக்கு ஃப்ரீநெட் என்ற பெயர் கொடுக்கப்பட்டு, பழையது ஹைஃபாநெட் ஆனது. தொடங்கியவருக்குப் பெயரின் மீது உரிமை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இருபது ஆண்டுகளாக எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளும் வழிகாட்டிகளும் ஃப்ரீநெட் என்று குறிப்பிடுவது இப்போது ஹைஃபாநெட்டை. அந்தப் பெயரைத் தேடுகிறவர் போய்ச் சேர்வது வேறோர் இடத்துக்கு. பராமரித்தவர்களின் உழைப்பு அழிக்கப்படவில்லை, இருந்தாலும் அதற்குப் போகும் வழி மாற்றப்பட்டுவிட்டது. என் கணிப்பில், ஒரு பெயரை உயிரோடிருக்கும் திட்டத்திலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுப்பது, சட்டம் அனுமதித்தாலும் தவிர்க்க வேண்டியது.

உழைத்தவர் பெயரைக் காக்கும் வரிகளுக்குச் சட்ட வலிமை உண்டா என்ற கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2008-இல் தெளிவான விடை சொன்னது. பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியரான ராபர்ட் ஜேக்கப்சனும் நண்பர்களும் மாதிரி ரயில்களை இயக்கும் மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டிருந்தார்கள். அதிலிருந்து சில கோப்புகளை மேத்யூ கேட்சர் என்பவரின் நிறுவனம் தன் விற்பனைப் பொருளுக்கு எடுத்துக்கொண்டது. எடுத்ததில் தவறில்லை, ஆசிரியர்களின் பெயர், பதிப்புரிமைக் குறிப்பு, உரிமக் கோப்பைப் பற்றிய சுட்டு, எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற தகவல், என்ன மாற்றப்பட்டது என்ற விவரம் ஆகிய அனைத்தும் விடுபட்டிருந்தன. இலவசமாகக் கொடுத்த நிரலுக்கு இழப்பு என்ன இருக்க முடியும் என்பது எதிர்வாதம். கீழ்நீதிமன்றம் அதன் பக்கம் சாய்ந்தது. ஃபெடரல் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமோ, பணம் வாங்காவிட்டாலும் பெயர் பரவுவதாலும் திருத்தங்கள் திரும்ப வருவதாலும் ஆசிரியருக்குப் பொருளாதாரப் பயன் உண்டு, ஆகவே இவை உரிமத்தின் நிபந்தனைகள், மீறினால் அது பதிப்புரிமை மீறல் என்று கூறியது. 2010-இல் கேட்சர் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டு வழக்கு முடிந்தது.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் ஒரு படி மேலேயே நிற்கிறது. 1984-இன் திருத்தத்துக்குப் பிறகு கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற பட்டியலில் வருகிறது. அந்தச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, பதிப்புரிமையை விற்றுவிட்ட பிறகும் ‘இது என் படைப்பு’ என்று உரிமை கோரும் உரிமையை ஆசிரியருக்கே விட்டுவைத்திருக்கிறது. சம்பளத்துக்கு எழுதப்பட்ட நிரலின் பதிப்புரிமை 17-ஆம் பிரிவின்படி பொதுவாக முதலாளிக்குப் போய்விடும். எழுதியவர் யார் என்பது அதனால் மாறிவிடாது. கல்லூரி மாணவர் எழுதிய நிரலை வேறொருவர் தம் பெயரில் போட்டியில் வைத்தால் மாணவர் பற்றிக்கொள்ளக்கூடிய பிடி இது. ஆனால் அதே மாணவர் தம் அறிக்கையில் வெளிநாட்டு நிரலாளரின் பெயரை நீக்கியிருந்தால், அந்தப் பிடி அவருக்கு எதிராகவும் திரும்பும்.

பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை எல்லை மீறிப் போனதும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தன் பிஎஸ்டி இயங்குதளத்துக்கு வைத்திருந்த பழைய உரிமம், அந்த மென்பொருளைப் பற்றிய ஒவ்வொரு விளம்பரத்திலும் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றது. அதைப் பார்த்த மற்றவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்த இடத்தில் தம் பெயரைப் போட்டுத் தம் நிரல்களை வெளியிட்டார்கள். 1997-இல் பிஎஸ்டியின் வழிவந்த நெட்பிஎஸ்டியின் ஒரு பதிப்பில் இப்படிப்பட்ட வாக்கியங்கள் 75 இருந்ததாக, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் எண்ணிச் சொன்னார். ஒரு சிறு விளம்பரத்தில் 75 பேருக்கு நன்றி சொல்ல இடமேது? 1999 ஜூலையில் பல்கலைக்கழகம் அந்த விதியை நீக்கிவிட்டது. 2004-இல் எக்ஸ்ஃப்ரீ86 என்ற வரைகலைத் திட்டம் தன் 4.4 பதிப்பில் நன்றி அறிவிப்பைக் கட்டாயமாக்கும் புதிய உரிமத்தைக் கொண்டுவந்தபோது, லினக்ஸ் முதலிய பல மென்பொருள்கள் வெளியாகும் ஜிபிஎல் உரிமத்தோடு அது பொருந்தவில்லை. பெரிய லினக்ஸ் வெளியீடுகள் ஒவ்வொன்றாக விலகி எக்ஸ்.ஆர்க் கிளைக்கு மாறின. நன்றியை வற்புறுத்தப்போய்ப் பயன்படுத்துவோரையே இழந்த திட்டம் அது. இன்று நிலைத்திருக்கும் வழக்கம் மிதமானது: விளம்பரத்தில் சொல்ல வேண்டாம், கோப்பின் தலையிலும் உரிமக் கோப்பிலும் இருப்பதை அழிக்காமல் விடுங்கள். சில வரிகள் கொண்ட எம்ஐடி உரிமம் கேட்பது ஏறக்குறைய அந்த ஒன்றைத்தான். ஜிபிஎல் அதோடு, கோப்பை மாற்றியிருந்தால் மாற்றியதையும் நாளையும் குறித்துவைக்கச் சொல்கிறது.

மரியாதைக்காக மட்டும் கேட்கப்படுவதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லை எச்சரிக்கைக் கருவிகளில் பெரிதும் பயன்படும் ‘டைனி ஜிபிஎஸ் ப்ளஸ்’ என்ற நிரல் நூலகம் மிகால் ஹார்ட் எழுதியது. ஜிபிஎஸ் மாட்யூல் வெளியிடும் தகவல் வரிகள் ஒவ்வொன்றும் ஓர் அடையாளத்தோடு தொடங்குகின்றன. அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களை மட்டும் கேட்கும் மாட்யூல் ‘ஜிபி’ என்று தொடங்கும் வரிகளைத் தரும். ரஷ்யாவின் குளோனாஸ் முதலிய பிற கூட்டங்களையும் சேர்த்துக் கேட்கும் புதிய மாட்யூல் ‘ஜிஎன்’ என்று தொடங்கும் வரிகளைத் தரும். நூலகத்தின் பழைய பதிப்புகள் முதல் வகையை மட்டுமே அறிந்தவை. ‘ஜிஎன்’ வரிகளைப் படிக்கும் திறன் பின்னால் சேர்க்கப்பட்டது. பழைய பதிப்பை எடுத்துத் தலைக்குறிப்பை நீக்கி, கோப்புக்குக் கல்லூரியின் பெயரைச் சூட்டி வைத்திருக்கும் ஒருவர், பழுதான மாட்யூலை மாற்றிப் புதியதைப் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்யூலின் விளக்கு எரியும், செயற்கைக்கோள் கிடைத்திருக்கும், ஆனால் நிரல் ஒரு வரியைக்கூடப் புரிந்துகொள்ளாது. இடம் தெரியாததால் பஸ்ஸர் ஒலிக்காது. தீர்வு பல ஆண்டுகளாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் தேட வேண்டிய பெயர்தான் கோப்பில் இல்லை. கச்சத்தீவின் திசையில் இரவில் வலை விட்டிருக்கும் ஒரு படகில் அந்தக் கருவி இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உழைத்தவர் பெயரைச் சுமந்துகொண்டே பெயர் மாறியதற்கு நல்ல முன்னுதாரணம் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் கையிலேயே இருந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ், டெபியனிலிருந்து எடுக்கப்பட்டது. டெபியனின் விதிப்படி ஒவ்வொரு மென்பொருள் தொகுப்போடும் ‘காப்பிரைட்’ என்று பெயரிட்ட ஒரு கோப்பு இருந்தே ஆக வேண்டும். எழுதியவர்கள் யார், எந்த உரிமம் என்பது அதில் இருக்கும். யூஎஸ்ஆர், ஷேர், டாக் என்று அடுத்தடுத்து அடைவுகளைத் திறந்துகொண்டு போனால் தொகுப்பு வாரியாக அவற்றைப் பார்க்கலாம். முதுகுளத்தூரிலோ திருவாடானையிலோ ஒரு மாணவி அந்தக் கணினியில் ஓர் ஆட்டத்தைத் திறந்தபோது, அதை எழுதியவரின் பெயரும் அதே கணினிக்குள் இருந்தது. அரசு நிறுவனம் தன் பெயரை வைத்ததால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை. ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்ற அறிவிப்போடு வரும் இயங்குதளங்களைப் பற்றி எழும் சர்ச்சை வேறு. 2023-இல் அறிமுகமான பார்ஓஎஸ், ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரலின் மேல் அமைந்தது. அதை அறிமுகத்திலேயே பெரிதாகச் சொல்வது தயாரித்தவர்களின் திறமையைக் குறைத்துக் காட்டாது என்பதே என் எண்ணம். ஆண்ட்ராய்டும் லினக்ஸின் மேல்தான் நிற்கிறது.

எழுத்துருக்களில் இந்த வேறுபாடு இன்னும் நேராகத் தெரியும். ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் பாலூ தம்பி, முக்தா மலர், கேட்டமரான் ஆகியவை சாதாரணமாகப் புழங்கக்கூடியவை. திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவை. 2007-இல் இறுதி வடிவம் பெற்ற அந்த உரிமத்தில், ஆசிரியர் தம் எழுத்துருவின் பெயரை ஒதுக்கிவைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அப்படி ஒதுக்கியிருந்தால், வடிவத்தை மாற்றுகிறவர் புதுப்பெயர் வைத்தாக வேண்டும். வடித்தவரின் பதிப்புரிமைக் குறிப்பை நீக்கவும் கூடாது. அவர் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்யவும் கூடாது. பெயர் மாறுவதும் உழைப்பின் பதிவு நிற்பதும் ஒரே உரிமத்தில் இரண்டு கட்டளைகளாக இருப்பது இங்கே. வரைபடத்தைப் பொறுத்தவரை, பாம்பன் பாலத்தையோ மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையோ தம் செயலியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்துக் காட்டுகிறவர்கள், ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று ஓரத்தில் எழுதினால் போதும். அந்த ஒரு வரியைக்கூட மறைத்துவிடும் செயலிகள் ஏராளம்.

தமிழாக்கம் செய்வோரின் நிலை இன்னும் மெலிந்தது. மென்பொருளின் சொற்றொடர்களை மொழிபெயர்க்கும் ‘பிஓ’ கோப்பின் தலைப்பகுதியில் கடைசியாக மொழிபெயர்த்தவர் என்று ஒரே ஒருவர் பெயருக்குத்தான் இடம் இருக்கிறது. அடுத்து ஒருவர் பத்துச் சொல்லைத் திருத்தினாலும் பெயர் அவருடையதாகிவிடும். ஆயிரக்கணக்கான வரிகளை முதலில் தமிழாக்கியவர், மேலே குறிப்பு வரிகளில் யாரேனும் விட்டுவைத்தால்தான் உண்டு. லினக்ஸ் கணினிகளுக்கான திரைமுகத்தை உருவாக்கும் க்னோம் திட்டத்தில் இதற்கு ஒரு நல்ல வழி செய்திருக்கிறார்கள். மொழிபெயர்க்க வேண்டிய தொடர்களுக்கு நடுவே ‘மொழிபெயர்ப்பாளர் பெயர்கள்’ என்பதற்கான ஓர் இடத்தையே வைத்துவிட்டார்கள். அதில் எழுதப்படும் பெயர்கள் மென்பொருளின் ‘பற்றி’ சாளரத்தில் அப்படியே தோன்றும். புதிதாகச் சேர்கிறவர் பழைய பெயர்களுக்குக் கீழே தம் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது எழுதாத ஒழுக்கம்.

மென்பொருளின் பெயர் மாறுவதுபோல நிரலாளரின் பெயரும் மாறும் என்பது பலர் எண்ணிப் பார்க்காதது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி, ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதியவர் பெயரையும் சேர்த்தவர் பெயரையும் தனித்தனியே பதிகிறது. இந்தப் பிரிப்பே உழைத்தவருக்குச் செய்யும் பெரிய நியாயம். ஆனால் அந்தப் பெயர்களும் சேர்த்துத்தான் ஒவ்வொரு பதிவின் அடையாள எண் கணக்கிடப்படுகிறது. பழைய பதிவில் ஒரு பெயரைத் திருத்தினால் அதற்குப் பின்வந்த எல்லா எண்களும் மாறிவிடும் என்பதால் யாரும் திருத்த மாட்டார்கள். நம் பெயர் வழக்கமோ இதற்கு எதிரானது. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்து முன்னால் நிற்கும். கடவுச்சீட்டில் அது விரிந்து பின்னால் போகும். திருமணத்துக்குப் பிறகு பெண்ணின் முதலெழுத்தே மாறும். முகமது என்ற பெயரைக் கீழக்கரையில் ஆங்கில எழுத்தில் ஒரே குடும்பத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். கல்லூரி ஆய்வகத்திலோ, கணினியில் கிட்டை முதன்முதலில் அமைத்தவரின் பெயரிலேயே பிறகு வந்த அத்தனை பேருடைய வேலையும் பதிவாகிவிடும். விளைவாக ஒருவருடைய உழைப்பு நான்கு பேருடையதாகவும், நான்கு பேருடைய உழைப்பு ஒருவருடையதாகவும் பட்டியலில் தெரிகிறது.

இதற்கு மெயில்மேப் என்ற சிறு கோப்பு தீர்வாக இருக்கிறது. திட்டத்தின் முதல் அடைவில் அதை வைத்து, ஒரு வரியில் இப்போதைய பெயரையும் முகவரியையும், அதன் பக்கத்திலேயே பழைய பெயரையும் முகவரியையும் எழுதினால், வரலாற்றை மாற்றாமலே கிட் எல்லாப் பட்டியல்களிலும் புதிய பெயரைக் காட்டும். லினக்ஸ் கருநிரலின் மெயில்மேப்பில் இத்தகைய வரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெயர் மாறியதற்குக் காரணம் திருமணமா, மதமா, பாலினமா, வெறும் எழுத்துப் பிழையா என்று அந்தக் கோப்பில் எழுத இடமே இல்லை. கல்லூரி மின்னஞ்சல் முகவரி படிப்பு முடிந்ததும் முடக்கப்படும் என்பதால், வெளியேறும் மாணவர் கடைசிப் பருவத்திலேயே தம் சொந்த முகவரியைச் சேர்த்து அந்த வரியை எழுதிவிட்டுப் போவது நல்லது. ஆய்வகக் கணினியில் கிட்டைத் தொடங்குமுன் பெயரைக் கேட்டு அமைக்கும் இரண்டு கட்டளைகளை ஆசிரியர் முதல் வகுப்பிலேயே கற்றுக்கொடுத்துவிட்டால், அந்த வரிக்குத் தேவையே பாதிக்கு மேல் இருக்காது.